கியூப் பாதியில் நின்றுவிட்டதா? நின்ற இடத்தைப் பார்த்துச் சரிசெய்வது

"கியூப் கெட்டுப்போச்சு, என்ன செஞ்சாலும் சேரலை" என்று என் கைக்கு வந்துசேரும் ரூபிக் கியூப்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கோளாறும் இருப்பதில்லை. பிடித்த விதம் தவறாக இருக்கும், அல்லது ஒரு திருப்பம் எதிர்த்திசையில் போயிருக்கும். உண்மையிலேயே கியூப் மேல் தப்பு இருப்பது எப்போதாவதுதான். அதையும் கழற்றாமல், துண்டுகளை எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன், மூலையைப் பிடித்துத் திருகும் முன், எண்ணுங்கள்.

வெள்ளையில் தொடங்கி அடுக்கடுக்காக மேலே போகும் வழக்கமான முறையைக் கற்றுக்கொண்டு எங்கோ மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேரே அங்கே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

திசை. ஃபார்முலா என்பது வரிசையாகப் போடும் திருப்பங்கள்; ஒவ்வொரு எழுத்தும் ஒரு முகத்தைக் குறிக்கும். ஆர் வலது, எல் இடது, யூ மேல், டி கீழ், எஃப் முன். வெறும் எழுத்து என்றால் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகார முள் போகும் பக்கம் கால் சுற்று. பிரைம் என்றால் எதிர்ப்பக்கம். யூ-டூ என்றால் அரைச் சுற்று. இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். கை மட்டும் எல்லிலும் டியிலும் தவறிவிடும். அந்த இரண்டு முகங்களும் நம்மைப் பார்த்து இல்லாததால் வரும் குழப்பம் அது. கடிகாரத்தை விட்டுவிட்டு இப்படி நினைவில் வையுங்கள்: ஆர் என்றால் வலது வரிசை மேலே ஏறும். எல் என்றால் இடது வரிசை கீழே இறங்கும். யூ என்றால் மேல் வரிசையின் முன்பக்கம் இடப்புறம் போகும். டி என்றால் கீழ் வரிசையின் முன்பக்கம் வலப்புறம் போகும்.

முன்பக்கம். ஒரு ஃபார்முலா முடியும்வரை முன்பக்கம் மாறக்கூடாது. நடுவில் கியூபை லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு வேறு பக்கத்தை முன்னால் வைத்துத் தொடர்வதுதான் கியூப் கலைவதற்கு முதல் காரணம். தொடங்கும் முன் முன்பக்க நடுக்கட்டத்தின் நிறத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். "பச்சை முன்னால்" என்று சொன்னால் போதும்.

நடுக்கட்டம். ஆறு நடுக்கட்டங்களும் ஒன்றுக்கொன்று இடம் மாறாது. நடு வெள்ளை என்றால் அந்த முகம் வெள்ளை, அவ்வளவுதான். சாதாரணமாக வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. மஞ்சளை மேலே, பச்சையை முன்னால் வைத்தால் வலப்பக்கம் ஆரஞ்சு வரும். சில கியூப்களில் நிற வரிசையே வேறாக இருக்கும்; அது கோளாறு இல்லை.

கீழே எல்லா இடத்திலும் வெள்ளை அடியில், மஞ்சள் மேலே என்றே வைத்துக்கொள்கிறேன்.

## வெள்ளைக் கூட்டல் குறி வந்துவிட்டது, ஆனால் பக்க நிறங்கள் சேரவில்லை

இங்கே கோளாறு என்று எதுவும் கிடையாது. வெள்ளையை மட்டும் பார்த்து, ஓரத்துண்டின் (இரண்டு நிறமுள்ள துண்டு) இன்னொரு நிறத்தைப் பார்க்காமல் இறக்கியிருக்கிறீர்கள். வெள்ளை-சிவப்பு ஓரம் சிவப்பு நடுக்கட்டத்தின் அடியில்தான் இருக்க வேண்டும்.

சேராத ஓரம் இருக்கும் பக்கத்தை அரைச் சுற்று திருப்பினால் அந்த ஓரம் மேலே, மஞ்சளைச் சுற்றிய வரிசைக்கு வந்துவிடும். மேல் அடுக்கைத் திருப்பி அதன் பக்க நிறத்தை அதே நிற நடுக்கட்டத்தின் மேல் நிறுத்துங்கள். அந்தப் பக்கத்தை மறுபடி அரைச் சுற்று திருப்பினால் அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே ஏற்கெனவே வேறு தவறான ஓரம் இருந்தால் அது மேலே வரும். அதற்கும் இதே வைத்தியம்.

## முதல் அடுக்கு: வெள்ளை மூலை உட்கார மறுக்கிறது

மூலைத்துண்டை (மூன்று நிறமுள்ள துண்டு) அதன் இடத்துக்கு நேர் மேலே, முன்-வலது மூலையில் நிறுத்தி ஆர், யூ, ஆர் பிரைம், யூ பிரைம் என்று திரும்பத் திரும்பப் போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளை வலப்பக்கம் பார்த்திருந்தால் ஒரு முறை, மேலே பார்த்திருந்தால் மூன்று, முன்பக்கம் பார்த்திருந்தால் ஐந்து. இடத்திலேயே இருந்துகொண்டு திரும்பி உட்கார்ந்த மூலை என்றால் இரண்டு அல்லது நான்கு. ஆறு முறை போட்டால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஆக, ஆறைத் தாண்டியும் உட்காரவில்லை என்றால் நடுவில் ஒரு திருப்பம் தவறியிருக்கிறது, அல்லது அந்த மூலை அந்த இடத்துக்கு உரியதே இல்லை.

*வெள்ளை முகம் நிறைந்துவிட்டது, பக்கவாட்டில் நிறம் கோணல்:* மூலைகள் தங்களுக்குள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. தவறான மூலையின் இடத்தில் மேற்சொன்ன நான்கு திருப்பத்தை ஒருமுறை போட்டால் அது மேலே வரும். அதன் சொந்த இடத்துக்கு மேலே கொண்டுபோய் இறக்குங்கள்.

*வெள்ளை சரியாக அடியில் இருக்கிறது, ஆனால் மற்ற இரண்டு நிறமும் ஒன்றுக்கொன்று மாறி நிற்கின்றன:* இதைக் கண்டால் ஃபார்முலாவை நிறுத்துங்கள். எத்தனை முறை போட்டாலும் தீராது. ஒரே ஒரு மூலையில் மட்டும் இப்படி என்றால், அந்தத் துண்டில் யாரோ ஸ்டிக்கரைப் பிய்த்து மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். நான்கு மூலையிலும் இப்படியே என்றால் எதிரெதிர் நடுக்கட்ட மூடிகள் இரண்டு இடம் மாறியிருக்கின்றன. ஸ்க்ரூ இறுக்கத்தைச் சரிசெய்ய மூடிகளைக் கழற்றிவிட்டு மாற்றி மாட்டும்போது இது நடக்கும். பச்சை மூடியையும் நீல மூடியையும் மாற்றிப் போட்டால் கூட்டல் குறி ஒழுங்காகவே வரும், மூலைக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அடுத்தடுத்த முகங்களின் மூடிகள் மாறியிருந்தால் தேடுகிற மூலையே கியூபில் இருக்காது. மூடியை நகத்தால் நெம்பி மாற்றிப் போட்டால் முடிந்தது. நூறு திருப்பம் மிச்சம்.

## நடு அடுக்கு: இறக்குவதற்கு ஓரமே இல்லை

மேலே இருக்கும் நான்கு ஓரத்திலும் மஞ்சள் இருக்கிறது, நடு அடுக்கோ முடியவில்லை. நமக்கு வேண்டிய ஓரம் நடு அடுக்கிலேயே தவறான இடத்தில், அல்லது சரியான இடத்தில் நிறம் புரண்டு, உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை முன்-வலப்பக்கம் வரும்படி பிடித்து, யூ, ஆர், யூ பிரைம், ஆர் பிரைம், யூ பிரைம், எஃப் பிரைம், யூ, எஃப் போடுங்கள். மேலிருந்து ஏதோ ஒரு மஞ்சள் ஓரம் உள்ளே போகும், நமக்கு வேண்டியது மேலே வரும். பிறகு அதை முறைப்படி இறக்கலாம்.

ஓரத்தை இறக்கியதும் அடியிலிருக்கும் வெள்ளை மூலை கலைந்துபோகிறதா? எட்டுத் திருப்பத்தில் கடைசி இரண்டை மறந்திருப்பீர்கள், அல்லது வலப்பக்க ஃபார்முலாவை இடப்பக்கத்துக்குப் போட்டிருப்பீர்கள். இடப்பக்கத்துக்கு: யூ பிரைம், எல் பிரைம், யூ, எல், யூ, எஃப், யூ பிரைம், எஃப் பிரைம்.

## மஞ்சள் கூட்டல் குறி வரவே மாட்டேன் என்கிறது

இங்கே இரண்டு விதமாக நிற்பார்கள். இரண்டும் வேறு வேறு. மூலைகளைக் கண்டுகொள்ளாமல், மேலே மஞ்சளாக நிற்கும் ஓரங்களை மட்டும் எண்ணுங்கள்.

எண்ணிக்கை 0 அல்லது 2. கியூப் சரி, பிடித்த விதம் தவறு. எஃப், ஆர், யூ, ஆர் பிரைம், யூ பிரைம், எஃப் பிரைம் என்ற ஃபார்முலாவை எப்படிப் பிடித்தாலும் போடலாம் என்று நினைப்பதால் வரும் வினை. கோடு (எதிரெதிரே இரண்டு மஞ்சள் ஓரம்) வந்திருந்தால் அது இடவலமாகப் படுத்திருக்க வேண்டும். நம்மை நோக்கி நீளவாக்கில் இருக்கும்படி பிடித்துப் போட்டால் கோடு அழிந்து வெறும் புள்ளி வரும். அதே பிடியில் இன்னொரு முறை போட்டால் வளைவு (அடுத்தடுத்து இரண்டு மஞ்சள் ஓரம்) வரும், ஆனால் முன்பக்கமும் வலப்பக்கமுமாக. மறுபடி போட்டால் பழையபடி நீளவாக்குக் கோடு. இந்த மூன்றுக்குள்ளேயே நாள் முழுக்கச் சுற்றலாம், கூட்டல் குறி வராது. "ஐம்பது தடவை போட்டுட்டேன்" என்று சொல்பவர்கள் எல்லோரும் இந்தச் சுழலில் இருப்பவர்கள்தான்.

வெளியே வரும் வழி: வளைவு வரும்போது மேல் அடுக்கைத் திருப்பி, மஞ்சள் ஓரங்கள் பின்பக்கமும் இடப்பக்கமும் நிற்கும்படி வையுங்கள். ஒருமுறை போட்டால் படுக்கைக் கோடு வரும். அப்படியே இன்னொரு முறை, கூட்டல் குறி.

எண்ணிக்கை 1 அல்லது 3. கீழே இரண்டு அடுக்கும் முழுதாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நடு அடுக்கில் ஓர் ஓரம் புரண்டு கிடந்தாலும் இந்த எண்ணிக்கை வரும். அது பத்து வினாடிச் சோதனை. கீழே எல்லாம் சரி என்றால் ஓர் ஓரத்துண்டு புரட்டி மாட்டப்பட்டிருக்கிறது. எந்தத் திருப்பத்தாலும் ஒற்றை ஓரத்தைப் புரட்ட முடியாது. கியூப் எப்போதோ கழன்று விழுந்து, யாரோ கைக்கு வந்தபடி மாட்டியிருப்பார்கள். ஓரத்துண்டு தானாகப் புரள்வது அரிது. கழற்றிய கைதான் காரணம். மேல் அடுக்கில் ஏதாவது ஓர் ஓரத்தைக் கழற்றிப் புரட்டி மாட்டினால் போதும், எதை என்பது முக்கியமில்லை. கழற்றும் விதம் கடைசிப் பகுதியில்.

## கூட்டல் குறி இருக்கிறது, பக்க நிறங்கள் சேரவில்லை

மேல் அடுக்கின் நான்கு நிலைகளில் ஏதாவது ஒன்றில் குறைந்தது இரண்டு ஓரங்களாவது தங்கள் நடுக்கட்டத்தோடு சேரும். ஒன்று சேர்ந்ததும் திருப்புவதை நிறுத்திவிடாதீர்கள். சேர்ந்த இரண்டும் பின்னாலும் வலப்பக்கமும் இருக்கப் பிடித்து ஆர், யூ, ஆர் பிரைம், யூ, ஆர், யூ-டூ, ஆர் பிரைம், யூ. எதிரெதிரே சேர்ந்திருந்தால் எப்படியாவது ஒருமுறை போட்டுவிட்டு மறுபடி தேடுங்கள்.

## இரண்டு மூலைகள் மட்டும் இடம் மாறி நிற்கின்றன

நிறம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மூலையின் மூன்று நிறமும் சுற்றியிருக்கும் மூன்று நடுக்கட்டத்தோடு ஒத்துப்போகிறதா, அது மட்டும்தான் கேள்வி. அப்படி இடத்தில் இருக்கும் மஞ்சள் மூலைகள் எத்தனை?

நான்கு என்றால் இந்தப் படி முடிந்தது. ஒன்று என்றால் அதை மேல்-முன்-வலது மூலையில் பிடித்து யூ, ஆர், யூ பிரைம், எல் பிரைம், யூ, ஆர் பிரைம், யூ பிரைம், எல். ஒருமுறை, போதவில்லை என்றால் இரண்டு முறை. ஒன்றுமே இல்லை என்றால் எப்படியாவது ஒருமுறை போட்டால் ஒன்று இடத்துக்கு வந்துவிடும்.

சரியாக இரண்டு என்றால் நில்லுங்கள். அந்த நிலை வரக்கூடாது. முதலில் மஞ்சள் ஓரங்களைப் பாருங்கள். முந்தைய படியை முடித்துவிட்டதாக நினைத்து இரண்டு ஓரங்களை மாறியபடியே விட்டிருந்தால் மூலையில் இப்படித்தான் தெரியும். சிவப்பையும் ஆரஞ்சையும் மங்கலான விளக்கில் குழப்பிக்கொள்வது இங்கே சகஜம். வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். ஓரங்கள் உண்மையிலேயே சரி என்றால், கியூபைக் கழற்றி மாட்டியவர் இரண்டு துண்டுகளை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார். இரண்டே இரண்டு துண்டுகளை மட்டும் மாற்றும் திருப்பம் கிடையாது. அந்த இரண்டு மூலைகளையும் கழற்றி மாற்ற வேண்டியதுதான்.

## கடைசிப் படியில் எல்லாம் கலைந்துவிட்டது

அதிகம் பேர் கியூபைத் தூக்கி எறியும் இடம் இது. ஒரு மூலையை மேல்-முன்-வலப்பக்கம் வைத்து ஆர் பிரைம், டி பிரைம், ஆர், டி என்று போடும்போது கீழ் அடுக்குகள் கலையத்தான் செய்யும். எல்லா மூலையும் முடிந்ததும் தானாகத் திரும்ப வரும். பயந்து பாதியில் விட்டால்தான் கலைந்தபடியே நிற்கும்.

வழக்கமான காரணம் மூன்று. முதலாவது, கடைசி டியை விட்டுவிடுவது. இரண்டாவது சுற்றில் ஆர் போட்டவுடனேயே மஞ்சள் மேலே பளிச்சென்று வந்துவிடும். "வந்துடுச்சு" என்று கை நின்றுவிடும். அந்த டியை விட்டால் அதற்கு மேல் எதுவும் சேராது. இரண்டாவது, ஒரு மூலை முடிந்ததும் அடுத்ததை முன்னால் கொண்டுவர மேல் அடுக்கை மட்டும் திருப்புவதற்குப் பதில் கியூப் முழுவதையும் திருப்பிவிடுவது. மூன்றாவது, ஏற்கெனவே மஞ்சள் மேலே இருக்கும் மூலைக்கும் சேர்த்து ஃபார்முலா போடுவது. அதை அப்படியே கடந்துபோக வேண்டும்.

எந்த இடத்தில் தவறியது என்று தெரியவில்லை என்றால் பின்னோக்கித் தேட வேண்டாம். முதல் அடுக்கிலிருந்து மறுபடி சேர்த்து வருவதுதான் விரைவு.

மூன்றும் நடக்கவில்லை, நான்கு மஞ்சளும் மேலே இருக்கின்றன, கீழே மட்டும் கலைந்திருக்கிறது என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்த நான்கு திருப்பத்தை மொத்தம் எத்தனை முறை போட்டீர்கள்? ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு அல்லது நான்கு. எல்லாம் கூட்டினால் 6 அல்லது 12 வர வேண்டும். 2, 4, 8, 10, 14, 16 என்று வந்தால் கியூபில் ஒரு மூலை திருகிப்போயிருக்கிறது. கடைசி மூலையை அங்கேயே வைத்து 6, 12 அல்லது 18 ஆகும்வரை தொடர்ந்து போடுங்கள். கீழே எல்லாம் ஒழுங்காகும், அந்த ஒரு மூலை மட்டும் திரும்பி நிற்கும். அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

## எல்லாம் சேர்ந்தது, ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பி நிற்கிறது

மூலை திருகல். வேகத்துக்காகச் செய்த தளர்வான கியூப்களில் இது அடிக்கடி நடக்கும். அடுக்கு முழுதாகத் திரும்பும் முன் அடுத்ததைத் திருப்பினால் விரல் பட்டு மூலை இருந்த இடத்திலேயே சுழன்றுவிடும். கடைசிப் படி தொடங்கும் முன்பே தவறாக நிற்கும் மூலைகளை எண்ணினால் இது தெரியும்: 0, 2, 3, 4 வரலாம், 1 வரக்கூடாது.

மேல் அடுக்கைச் சற்றே கோணலாகத் திருப்பி, மூலையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து, மூன்றில் ஒரு சுற்று திருகுங்கள். ஏமாற்று வேலை என்று தயங்க வேண்டாம். உலக கியூப் சங்கப் போட்டிகளிலேயே, ஒரு மூலையைத் திருகினால் கியூப் தீர்க்கக்கூடியதாகிவிடும் என்றால் கழற்றாமல் திருகிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் எண்ணிப் பார்த்து உறுதியான பிறகு மட்டும். "ஏதோ சரியில்லை" என்று பாதியில் திருகினால் இல்லாத கோளாற்றை நாமே உண்டாக்குகிறோம்.

அடிக்கடி இதுவே நடந்தால் ஃபார்முலாவை விட்டுவிட்டு ஸ்க்ரூவைப் பாருங்கள்.

## திருப்பவே கனமாக இருக்கிறது, அல்லது துண்டு தெறிக்கிறது

கனம் என்றால் முதலில் தூசி, முடி. கழற்றித் துடைத்தாலே பாதி சரியாகும். பிறகு சிலிக்கோன் லூப் (மசகு) இரண்டு மூன்று சொட்டு. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும், பெட்ரோலியக் கலப்புள்ள ஸ்பிரே பிளாஸ்டிக்கைக் கெடுக்கக்கூடும், இரண்டும் வேண்டாம். அதற்கும் மசியவில்லை என்றால் நடுக்கட்ட மூடிக்கு அடியிலிருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆறு பக்கமும் ஒரே அளவு. தெறிக்கிறது, மூலை திருகுகிறது என்றால் அதே கால் சுற்று இறுக்கம். ஒரு நேரத்தில் ஒரு மூடியை மட்டும் கழற்றினால் நிறம் மாறாது.

## கழற்றி மாட்டுவது, அதற்கும் மேல்

மேல் அடுக்கைப் பாதி, அதாவது 45 டிகிரி திருப்பி, அதன் ஓரத்துண்டு ஒன்றைக் கட்டைவிரலால் மேல்நோக்கி நெம்புங்கள். அது வந்துவிட்டால் மற்றவை சுலபம். வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், உள்ளே இருக்கும் கால் முறியும். மேல் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

முழுதாகக் கழற்றிவிட்டால், சேர்ந்த நிலையில் நிறம் பார்த்தே மாட்டுங்கள். கைக்கு வந்தபடி மாட்டினால், தீர்க்கக்கூடிய நிலையில் அமைய பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான். கியூப் அடையக்கூடிய நிலைகளே சுமார் 4.3 லட்சம் கோடி கோடி. மீதிப் பதினொரு பங்கில் விழுந்தால் எத்தனை திருப்பினாலும் அந்தப் பக்கம் வர முடியாது. மாட்டும்போது கடைசித் துண்டு ஓரமாக இருக்கட்டும்.

கழற்றிய கையோடு துண்டுகளையும் சரிபாருங்கள். மூலை 8, ஓரம் 12. ஒரே துண்டில் வெள்ளையும் மஞ்சளும், நீலமும் பச்சையும், சிவப்பும் ஆரஞ்சும் சேர்ந்து வரக்கூடாது. ஒரே மாதிரி இரண்டு துண்டு இருக்கக்கூடாது. வெள்ளை-சிவப்பு-பச்சை மூலையைக் கூர்முனை நம்மைப் பார்க்கப் பிடித்தால், கடிகாரச் சுற்றில் வெள்ளை, சிவப்பு, பச்சை என்று வர வேண்டும். மாறி வந்தால் ஸ்டிக்கர் கைவேலை.

கியூப் பழகியவர் ஒருவரிடம் கொடுப்பது எப்போது? மேற்சொன்ன எண்ணிக்கைகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால். எண்ணுவதில்தான் தவறு, பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கியூப் நிலையைக் கேட்டு வழி சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. ஆறு முகத்தையும் கவனமாக உள்ளிட்டும் "இந்த நிலை சாத்தியமில்லை" என்றால் முதலில் உள்ளிட்டதை ஒருமுறை சரிபாருங்கள், பிறகு கியூபைச் சந்தேகப்படுங்கள்.

உள்ளிருக்கும் அச்சு உடைந்திருந்தால், அல்லது ஸ்க்ரூவுக்குப் பதில் ரிவெட் அடித்து இறுக்கவே முடியாத கியூப் என்றால், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். வேறு வாங்கும்போது ஸ்டிக்கர் ஒட்டாமல் பிளாஸ்டிக்கே நிறமாக இருக்கும் வகையைப் பாருங்கள். ஸ்டிக்கர் மாற்றி ஒட்டும் வேலைக்கு அதில் வழியில்லை.